புள்ளியில் பிறந்த முகம்



இந்தத் தாளை முதலில் கிட்ட நின்று பாருங்க. மேலே வலது பக்கம் ஒட்டியிருக்கிற படத்தில் என்ன தெரியுது? வெறும் கருப்புப் புள்ளிகள்தானே? சின்னதும் பெரிசுமா, கோலப்புள்ளி மாதிரி. இப்போ அப்படியே பின்னால நடந்து வராண்டா தூண்கிட்ட போய் நில்லுங்க. திரும்பிப் பாருங்க.

தெரியுதா? நம்ம சத்துணவு ஆயா!

புள்ளிகள் எங்கே போச்சு? எங்கேயும் போகல. நம்ம கண்தான் அதையெல்லாம் சேர்த்து முகமாக்கிடுச்சு. இந்த வித்தைக்குப் பெயர் ஹாஃப்டோன். பழைய அச்சகக்காரர்கள் 'ஆஃப்டோன்' என்பார்கள். இதை கம்ப்யூட்டரில் நாமே செய்வது எப்படி, செய்யும்போது நாங்கள் எங்கே சறுக்கினோம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

1. ஏன் இந்த வேலையில் இறங்கினோம்?

ஆயா பணி ஓய்வு பெறும் நாளில், அவங்க முகம் அச்சிட்ட மஞ்சப்பை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று எங்க வகுப்பில் முடிவு செய்தோம். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை தருவாங்களே, அதே மாதிரி துணிப்பை. அதில் போடுவது ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் வேணும். இரண்டு கலர் என்றால் இரண்டு ஸ்கிரீன், செலவும் கூடும். எங்ககிட்ட இருந்த காசுக்கு ஒரே கலர்தான். கருப்பு.

இங்கேதான் சிக்கல். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை ஓர் இடத்தில் விழும், அல்லது விழாது. பாதி கருப்பு என்று ஒன்று கிடையாது. சாம்பல் நிறத்துக்குத் தனி மை வாங்கினால் அது இன்னொரு கலர், இன்னொரு ஸ்கிரீன். ஆனால் போட்டோவில் முழுக் கருப்பும் முழு வெள்ளையும் கொஞ்சம்தான். நெற்றி, கன்னம், மூக்கு ஓரம் எல்லாமே இடைப்பட்ட நிறம். முகத்தை முகமாகக் காட்டுவதே அந்த இடைநிறம்தான்.

முதல் முயற்சியில் இது எங்களுக்குப் புரியல. போட்டோவை 'திரெஷோல்ட்' போட்டு வெறும் கருப்பு, வெறும் வெள்ளை ஆக்கினோம். ஆயா மாநிறத்தைவிட இன்னும் கருப்பு. நிறம் பாதிக்கு மேல் இருந்த இடமெல்லாம் முழுக் கருப்பாப் போச்சு. மிஞ்சியது நரைமுடியும் புடவைக் கரையும் சிரித்த பல்லும் மட்டும். முகம் இருந்த இடத்தில் ஒரு மைக்கறை. அதை அச்சடித்துக் கொடுத்தால் மரியாதையா இருக்குமா? இருக்காது. அப்புறம்தான் புள்ளிப் பக்கம் வந்தோம்.

2. கொஞ்சம் வரலாறு

போட்டோ எடுக்கும் கலை வந்த பிறகும் பல வருஷம் அதை நேரடியாகப் பத்திரிகையில் அச்சிட முடியவில்லை. சித்திரக்காரர் போட்டோவைப் பார்த்து மரக்கட்டையில் கோடு கோடாகச் செதுக்குவார், அதைத்தான் அச்சிடுவாங்க.

இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், மெல்லிய வலைத்துணியை நடுவே வைத்துப் படத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைக்கும் வழிக்கு 1852-இல் காப்புரிமை பெற்றார். 1880 மார்ச் 4-ஆம் தேதி நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ், ஹாஃப்டோன் முறையில் ஒரு குடிசைப் பகுதியின் போட்டோவை வெளியிட்டது. அதைச் செய்தவர் ஸ்டீபன் ஹோர்கன். அடுத்து அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஐவ்ஸ் 1881-லும், ஜெர்மனியில் கியோர்க் மைசன்பாக் 1882-லும் இம்முறையை வளர்த்துக் காப்புரிமை பெற்றார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய கண்ணாடித் திரையை கேமராவில் ஃபிலிமுக்கு முன்னால் வைப்பது பிறகு வழக்கமாயிற்று.

உங்களுக்குத் தெரியுமா?
நம் நாட்டில் இந்தக் கலையில் பெரும்புள்ளி, கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி (1863–1915). தன் புத்தகப் படங்கள் மோசமாக அச்சானதைப் பார்த்துத் தானே ஹாஃப்டோன் கற்றார். 1895-இல் சொந்தமாக பிளாக் செய்யும் தொழிலகம் தொடங்கினார். புள்ளித்திரை பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் லண்டனின் 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் வெளிவந்தன. 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையையும் ஆரம்பித்தார். சினிமா இயக்குநர் சத்யஜித் ராய் இவருடைய பேரன்!

3. புள்ளி எப்படி நிறமாகுது?

விஷயம் ரொம்ப எளிது. புள்ளிகளின் நடுமையங்கள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருக்கும். மாறுவது புள்ளியின் அளவு மட்டும். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. தூரத்தில் இருந்து பார்த்தா கருப்பு மையும் காகிதத்தின் வெள்ளையும் கலந்து சாம்பலாத் தெரியும்.

எவ்வளவு தூரம்? நல்ல பார்வை உள்ளவர் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். இரண்டு மீட்டரில் 0.6. இப்படியே கூடும். எங்க பைக்கு நாங்க வைத்த இடைவெளி 1.5 மி.மீ. ஆக 5 மீட்டர் தள்ளி நின்றால் புள்ளிகள் கரைந்துவிடும். அதனால்தான் உங்களை வராண்டா தூண் வரை அனுப்பினோம்! செய்தித்தாளில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 85 வரிசைப் புள்ளி. அதாவது 0.3 மி.மீ. இடைவெளி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதுவும் புள்ளி புள்ளியாத் தெரியும். பார்த்துட்டு வாங்க.

4. வெக்டர் எதற்கு?

கம்ப்யூட்டரில் படம் இரண்டு வகை. ஒன்று, கட்டம் கட்டமாகச் சேமிப்பது. போட்டோ இந்த வகை. பெரிசாக்கினால் ஓரம் பல் பல்லா உடைஞ்சிடும். இன்னொன்று வெக்டர். 'இங்கே மையம், இவ்வளவு ஆரம், ஒரு வட்டம்' என்று கணக்காகச் சேமிப்பது. பையில் போட்டாலும் பேனரில் போட்டாலும் வட்டம் வட்டமாவே இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு ஓரம் கூர்மையாக இருக்கணும். அதனால் புள்ளிகளை வெக்டரில் செய்வது நல்லது.

நாங்க பயன்படுத்தியது இங்க்ஸ்கேப். இலவசம். சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரிந்து 2003-இல் உருவானது. யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், திருட்டு காப்பி தேவையில்லை.

5. செய்முறை

படம் 12 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 1.5 மி.மீ. என்றால் குறுக்கே 80 புள்ளி, நெடுக்கே 100. மொத்தம் 8000. இதைவிடப் பொடியாப் போனால் லேப் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஆசைப்படாதீங்க.

படி 1: போட்டோவை கிம்ப் போன்ற மென்பொருளில் கருப்பு வெள்ளையாக்குங்க. பின்னர் 'இன்வெர்ட்' கொடுத்து நெகட்டிவ் ஆக்குங்க. ஏன் நெகட்டிவ் என்பது படி 6-இல் புரியும்.

படி 2: இங்க்ஸ்கேப்பில் அந்தப் படத்தைக் கொண்டு வாங்க. அகலம் 120 மி.மீ., உயரம் 150 மி.மீ. என்று மாற்றுங்க. பிறகு 'ஆப்ஜெக்ட்' மெனுவில் 'டிரான்ஸ்ஃபார்ம்' போய் 45 டிகிரி சுழற்றுங்க. சாய்ந்த படத்துக்குப் பின்னால், அது முழுக்க அடங்கும்படி 191 மி.மீ. சதுரத்தில் ஒரு கருப்புக் கட்டம் போடுங்க.

(சாய்ப்பது எதற்கு? புள்ளி வரிசை நேராக, குறுக்காக இருந்தால் கண் அந்தக் கோடுகளை உடனே பிடித்துவிடும். 45 டிகிரி சாய்வில் அவ்வளவாகத் தெரியாது. புள்ளிகள் செய்து முடித்ததும் எல்லாவற்றையும் திருப்பிச் சுழற்றினால் படம் நேராகும், வரிசை சாயும்.)

படி 3: ஒரு வட்டம் வரையுங்க. விட்டம் 1.7 மி.மீ. 'ஃபில்' கருப்பு. 'ஸ்ட்ரோக்' கட்டாயம் எடுத்துடுங்க. கோடு இருந்தால் அதன் தடிமனும் அளவில் சேர்ந்து இடைவெளி தப்பாகும். வட்டத்தைக் கருப்புக் கட்டத்தின் இடது மேல் மூலையில் வையுங்க. எல்லாவற்றுக்கும் மேலடுக்கில் இருக்கணும்.

படி 4: வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, 'எடிட்' மெனுவில் 'குளோன்', அதில் 'கிரியேட் டைல்டு குளோன்ஸ்' திறங்க. முதலில் 'ரீசெட்' அழுத்துங்க. முன்னால் உட்கார்ந்தவர் போட்டுப் போன எண்கள் அப்படியே இருக்கும்!

படி 5: 'ஷிஃப்ட்' பக்கத்தில், எக்ஸ் வரிசையில் ஒரு பத்திக்கு −12 சதவீதம், ஒய் வரிசையில் ஒரு கிடை வரிசைக்கு −12 சதவீதம். 1.7-இல் 12 சதவீதம் குறைத்தால் ஏறத்தாழ 1.5. அதுதான் நமக்கு வேண்டிய இடைவெளி.

படி 6: 'டிரேஸ்' பக்கத்தில் மேலே உள்ள டிக் போடுங்க. எடுக்க வேண்டியது 'எல்', அதாவது வெளிச்ச அளவு. கொடுக்க வேண்டிய இடம் 'சைஸ்' மட்டும். இப்போ மென்பொருள் ஒவ்வொரு வட்டத்துக்கும் அடியில் உள்ள வெளிச்சத்தைப் பார்த்து, அதற்கேற்ப வட்டத்தைச் சுருக்கும். நெகட்டிவில் ஆயாவின் கருப்பு முடி வெளிச்சமாக இருக்கும், ஆகவே பெரிய புள்ளி. வெள்ளைச் சுவர் கருப்பாக இருக்கும், ஆகவே புள்ளியே இருக்காது.

படி 7: நடுவில் 'காமா கரெக்ட்' என்று ஓர் இடம் இருக்கு. அதைத் தொடாம விட்டுடாதீங்க. நாங்க விட்டோம், மாட்டினோம். அந்தக் கதை கீழே. இப்போதைக்கு 1 என்று போடுங்க.

படி 8: அடியில் அகலம், உயரம் இரண்டும் 191 மி.மீ. கொடுத்து 'கிரியேட்'. கொஞ்சம் பொறுமையா இருங்க. தொங்கிப் போச்சுன்னு மெஷினை ஆஃப் பண்ணாதீங்க!

படி 9: புள்ளிகள் வந்ததும் எல்லா நகல்களையும் தேர்ந்தெடுத்து 'அன்லிங்க் குளோன்'. போட்டோ, கருப்புக் கட்டம், மூலையிலிருக்கும் மூல வட்டம் மூன்றையும் அழியுங்க. மிச்சத்தை ஒரே குரூப் ஆக்கி −45 டிகிரி சுழற்றுங்க. பி.டி.எஃப். ஆக சேமியுங்க. முடிந்தது.

6. நாங்கள் சறுக்கிய இடம்

முதல் தடவை காமாவை 0-விலேயே விட்டுட்டோம். புள்ளி அழகா வந்தது. முகமும் தெரிந்தது. ஆனா ஆயா பவுடர் பூசின மாதிரி வெளுத்துப் போயிருந்தாங்க. கன்னத்தில் நிறமே இல்லை.

வகுப்பில் பாதிப்பேர், "நல்லாத்தானே இருக்கு, பளிச்சுன்னு இருக்கு, விட்டுடுங்கப்பா"ன்னு சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. மதியம் சாப்பாட்டு வரிசையில் பிரிண்ட்டை ஆயாகிட்டயே காட்டினோம். கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, வாங்கிப் பார்த்தாங்க. தூர வைத்தும் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "யாரு கண்ணு இது?"

யாருக்கும் பதில் வரல. 'பளிச்சுன்னு இருக்கு'ன்னு சொன்னவங்களும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்.

மென்பொருள் சரியில்லைன்னு நினைச்சோம். கணக்கு சார்கிட்ட போனோம். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "வட்டத்தோட விட்டத்தைப் பாதியாக்கினா பரப்பு என்ன ஆகும்?"

பாதி என்று நாலு பேர் கத்தினோம். சார் சிரித்தார்.

நண்பர்களே, பாதி இல்லை. கால்! வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த சூத்திரம்தான். மென்பொருள் என்ன செய்தது? 50 சதவீத இருட்டுக்கு விட்டத்தைப் பாதியாக்கியது. மையோ கால் பங்குதான் விழுந்தது. கண் பார்ப்பது விட்டத்தை அல்ல, மை விழுந்த பரப்பை. ஆயாவின் நிறத்தில் பாதியை எங்க கணக்குப் பிழை தின்னுடுச்சு.

அப்போ சரியான வழி? இருட்டு எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தைக் கொண்டு விட்டத்தை எடுக்கணும். இடைவெளி 1.5, பெரிய வட்டம் 1.7 என்று வைத்துப் போட்ட கணக்கு இதோ. (நோட்டில் எழுதிக்கோங்க.)

இருட்டு 10%: தப்பான விட்டம் 0.17 மி.மீ., மை 1%. சரியான விட்டம் 0.54 மி.மீ., மை 10%.
இருட்டு 25%: தப்பான விட்டம் 0.43 மி.மீ., மை 6%. சரியான விட்டம் 0.85 மி.மீ., மை 25%.
இருட்டு 50%: தப்பான விட்டம் 0.85 மி.மீ., மை 25%. சரியான விட்டம் 1.20 மி.மீ., மை 50%.
இருட்டு 75%: தப்பான விட்டம் 1.28 மி.மீ., மை 57%. சரியான விட்டம் 1.47 மி.மீ., மை 75%.
இருட்டு 100%: இரண்டிலும் விட்டம் 1.70 மி.மீ., மை 91%.

கடைசி வரியைப் பாருங்க. முழு இருட்டிலும் மை 91 சதவீதம்தான். பெரிய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் சின்னச் சின்ன வெள்ளை ஓட்டை மிஞ்சும். அதுவும் நல்லதுக்குத்தான். துணியில் மை கொஞ்சம் பரவும், ஓட்டை தானாக அடையும்.

'காமா கரெக்ட்' செய்வது, நடுத்தர அளவுகளை மேலே தூக்கிவிடுவது. கூட்டல் எண் கொடுத்தால் நடுப்புள்ளிகள் பெரிசாகும். வெள்ளையும் முழுக் கருப்பும் அப்படியே இருக்கும். படத்தை நெகட்டிவ் ஆக்கச் சொன்னதும் இதற்காகத்தான். அப்போதுதான் 'எல்' என்பதே இருட்டின் அளவாகி, காமா சரியான பக்கம் வேலை செய்யும்.

சரியா வந்ததான்னு எப்படித் தெரியும்? கண்ணை நம்பாதீங்க, அளந்து பாருங்க. போட்டோ போடுவதற்கு முன், வெளிச்ச அளவு 100, 50, 25 என்று மூன்று சாம்பல் கட்டம் வரைந்து, அதன்மேல் இதே செய்முறையை ஓட்டுங்க. 100 கட்டத்தில் புள்ளி 1.7, 50-இல் 1.2, 25-இல் 0.85 வரணும். கால் பங்கு இருட்டுக்குப் பாதி விட்டம், இதுதான் மனதில் வைக்க வேண்டிய ஒரே வரி. வரவில்லை என்றால் காமாவைக் கொஞ்சம் கூட்டுங்க, குறையுங்க.

7. அச்சகத்துக்குப் போகும் முன்

அ) ரொம்பச் சின்னப் புள்ளி ஸ்கிரீன் கழுவும்போது நிற்காது. 10 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை நம்பாதீங்க. முக்கியமான விவரம் எதையும் அதில் வைக்காதீங்க.

ஆ) ஸ்கிரீனும் ஒரு வலைதான். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வரிசையோ, அதைப்போல் 4, 5 மடங்காவது இழை இருக்கணும். எங்க படத்தில் அங்குலத்துக்கு 17 வரிசை. ஆகவே 85 இழைக்குக் குறையாத வலை.

இ) துணியில் மை பரவும் என்று சொன்னோமே, எவ்வளவு என்பது துணிக்குத் துணி, மைக்கு மை மாறும். அதே சாம்பல் கட்டங்களை ஒரு பையில் அடித்துப் பாருங்க. 50 கட்டம் மிகவும் கருத்திருந்தால் கம்ப்யூட்டரில் காமாவைச் சற்றுக் குறைச்சுக்கோங்க. ஒரு பை வீணானால் பரவாயில்லை, மொத்தமும் வீணாகக் கூடாது.

ஈ) அச்சகத்தில் கோரல் டிராதான் இருக்கு என்றால் கவலை வேண்டாம். போட்டோவைத் தேர்ந்து 'பிட்மேப்ஸ்', 'மோட்', 'பிளாக் அண்ட் ஒயிட்' போய் 'ஹாஃப்டோன்' எடுத்தால் வட்டப்புள்ளி, கோணம், அங்குலத்துக்கு எத்தனை வரிசை எல்லாம் கேட்கும். இதில் பரப்புக் கணக்கை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பிறகு 'டிரேஸ்' செய்தால் வெக்டர். இல்லஸ்ட்ரேட்டரில் 'எஃபெக்ட்', 'பிக்ஸலேட்', 'கலர் ஹாஃப்டோன்'. ஒரே கலர் வேலை என்றால் எல்லாக் கோணத்தையும் 45 ஆக்கிடுங்க, இல்லாவிட்டால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பும். பிறகு 'எக்ஸ்பாண்ட்', 'இமேஜ் டிரேஸ்'.

8. கலர் படம் என்றால்?

வார இதழ் அட்டைப்படத்தை லென்ஸில் பார்த்தால் நாலு நிறப் புள்ளிகள் தெரியும். சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற சிவப்பு, மஞ்சள், கருப்பு. இந்த நாலிலேயே எல்லா நிறமும் வருது. நாலு வலையையும் ஒரே கோணத்தில் வைத்தால் கொஞ்சம் நகர்ந்தாலும் அலை அலையாகக் கோலம் விழும். இதை 'மொய்ரே' என்பாங்க. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்திப் பாருங்க, அதேதான். அதைத் தடுக்க வழக்கமாக சியான் 15 டிகிரி, கருப்பு 45, மெஜந்தா 75 என்று 30 டிகிரி இடைவெளி விட்டு வைப்பாங்க. மஞ்சள் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நிறம், அதனால் அதை மட்டும் 0 டிகிரியில் வைத்தாலும் பெரிசாகத் தெரியாது.

9. கம்ப்யூட்டர் இல்லாமல் செய்து பாருங்கள்

லேபில் இடம் கிடைக்காதவங்க வருத்தப்பட வேண்டாம். ஒரு கிராஃப் தாள், ஒரு கருப்பு ஸ்கெட்ச் பேனா போதும். தாளில் 1 செ.மீ. கட்டங்களில் 10-க்கு 10 எடுங்க. ஒரு பானை, ஒரு மாம்பழம் மாதிரி எளிய படத்தை மனசில் நினைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இருட்டு எவ்வளவு என்று எழுதுங்க: 0, 25, 50, 100. பிறகு கட்டத்தின் நடுவில் புள்ளி வையுங்க. 25-க்கு விட்டம் 5.6 மி.மீ., 50-க்கு 8 மி.மீ., 100-க்கு கட்டம் முழுக்கக் கருப்பு. முடித்துச் சுவரில் ஒட்டி, மைதானத்தின் நடுவுக்குப் போய்ப் பாருங்க. நல்லா வந்தவற்றை அடுத்த மாத இதழில் ஒட்டுவோம்.

10. முடிவாக

இரண்டாவது பிரிண்ட்டையும் ஆயாகிட்டதான் முதலில் கொண்டுபோனோம். கையில் வாங்கியதும், "என்ன கண்ணு, ஒரே புள்ளியா இருக்கு"ன்னாங்க. நாங்க பையை வாங்கிக்கொண்டு சமையல்கூடத்து வாசலிலிருந்து கைப்பம்பு வரை போய்த் தூக்கிப் பிடித்தோம்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நானேதான்"னாங்க. "அந்த வெள்ளைக்காரம்மா எங்க போனா?"ன்னு சேர்த்துக் கேட்டாங்க பாருங்க, எல்லோரும் சிரிச்சுட்டோம்.

அளவு ஒரு பங்கு தப்பினால் ஆளே மாறிப்போகிறார் நண்பர்களே. சூத்திரம் எதற்குப் படிக்கிறோம் என்று இனிமேல் யாராவது கேட்டால், எங்க பையைக் காட்டுங்க.

சிந்திக்க ஒரு கேள்வி: இருட்டு கூடக்கூடப் புள்ளி வளர்கிறது. பக்கத்துப் புள்ளியை அது சரியாகத் தொடும் அந்த நொடியில், தாளில் எத்தனை சதவீதம் மை இருக்கும்? (உதவி: ஒரு சதுரம், அதற்குள் சரியாக அடங்கும் ஒரு வட்டம்.)

விடை தாளின் கீழ் மூலையில் தலைகீழாக: பையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது π/4. ஏறத்தாழ 78.5 சதவீதம். ('பை' என்றது துணிப்பை அல்ல!)

பிழை இருந்தால் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்க, கிழிக்காதீங்க.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கையெழுத்துக் குழு